உள்ளேயே இருக்கவும்

என்னிடம் உள்ள பழைய காகிதங்களில் அரைத்தாள் அளவுள்ள ஓர் அறிவிப்பு இருக்கிறது. மேல் மூலையில் '1918 அக்டோபர்' என்பது தெளிவாகத் தெரிகிறது. நாளைக் குறித்த எண், கதவிலிருந்து பிய்த்தெடுத்தபோது பசையோடு போய்விட்டது. தேதி விஷயத்தில் பிடிவாதக்காரனான எனக்கு அது இன்றும் உறுத்தல்தான். அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒன்று என்பதுவரை பழைய பத்திரிகைகளோடு ஒப்பிட்டு உறுதி செய்திருக்கிறேன். அதற்கு மேல் போக முடியவில்லை. அச்சில் மூன்றே வரிகள். இந்த விஷக்காய்ச்சல் காற்றின் மூலம் பரவுகிறது. கூட்டம் கூட வேண்டாம். அனைவரும் வெளியே வராமல் உள்ளேயே இருக்கவும். மூன்றாவது வரியின்மேல் நீல மையில் ஒரு கோடு. அதன் கீழே கையால் எழுதிய இன்னொரு வரி, ஒரு கையொப்பம்.

கையொப்பமிட்டவரை நாங்கள் டாக்டர் என்றே அழைத்தோம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் அல்லர். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்து, அரசாங்கத்தின் சோதனைக்கூடத்தில் பூதக்கண்ணாடிக்கு முன் குனிந்திருந்தவர். அப்போது அவருக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயதுதான். அந்த அறிவிப்பின் தமிழ் வரிகளை எழுதியவர் அவர். அந்த வரிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களில் ஒருவன் நான்.

சிங்கப்பூருக்கு வடக்கே நாங்கள் பிழைக்க வந்த தீவின் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கிட்டங்கியில் தங்கியிருந்தேன். கிட்டங்கி என்றால் சாமான் வைப்பதற்காகக் கட்டிய நீண்ட கூடம். சாமானுக்குப் பதில் ஆட்கள். தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் எல்லோரும் அங்கேதான். எங்களுக்கெல்லாம் தலைவர் ஒரு தண்டல், ராமநாதபுரத்துக் கரைக்காரர். வேலையும் சோறும் படுக்கை இடமும் அவர் சொல்படி. கூடத்தில் ஆட்கள் எத்தனையோ அதில் பாதிதான் பாய்கள். பகலில் வேலைக்குப் போகிறவன் இரவில் படுக்கும் பாயில், இரவு வேலைக்குப் போகிறவன் பகலில் படுப்பான். யாருக்கும் அதில் குறை தோன்றியதில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

என் பாயின் மறுபாதிக்காரர் நாகப்பட்டினத்துப் பக்கத்து மனிதர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காலையில் நான் கிளம்பும்போது அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். "என்ன பங்காளி, பாயைச் சூடா வச்சிருக்கியா?" என்பார். சொத்தில் பங்கு உள்ளவனைத்தானே பங்காளி என்பது என்று நானும் அவரை அப்படியே அழைத்தேன். சில மாலைகளில் பாயின் தலைமாட்டில் அவர் வைத்துப்போன பலாச்சுளை, வாழையிலைத் துண்டில் சுற்றி இருக்கும். இரண்டு ஆண்டுகள் ஒரு பாயில் படுத்த நாங்கள் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

காய்ச்சல் ஊருக்குள் வந்த புதிதில், டாக்டர் எங்கள் தெருவின் வாசகசாலையில் ஒரு மாலை பேசினார். கண்ணுக்குத் தெரியாத கிருமி, இருமலில் வெளிவரும் துளிகள் என்று நிதானமாக விளக்கினார். கூட்டத்தின் நடுவிலிருந்து எங்கள் தண்டல் எழுந்து, அந்தக் கிருமியை டாக்டர் கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, கண்ணாடியில் சில தெரிகின்றன, ஆனால் இதற்குக் காரணம் அவைதானா என்று இன்னும் தெரியவில்லை என்றார். "கண்ணாடி போட்டும் தெரியலைங்கிறாரு. இதக் கேக்கவா வேலைய விட்டுட்டு வந்தோம்?" என்றார் தண்டல். கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். ஆனால் குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. தெரியாது என்று சொன்னவரின் பேச்சு வாசலில் அஞ்சடி நடைபாதையைத் தாண்டுவதற்குள் காற்றில் போய்விட்டது.

அதனால்தான் அறிவிப்பில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை என்று டாக்டர் பின்னால் சொன்னார். அது அரசாங்க முத்திரையோடு வந்தது. வாசகசாலையில் சிரித்த தண்டலே அதைப் பயபக்தியோடு வாங்கி, படிக்கச் சொல்லிக் கேட்டு, வாசற்கதவின் உட்புறம் பசை போட்டு ஒட்டினார். துறைமுகத்திலும் வேலை அநேகமாக நின்றிருந்தது. இரவு ஆட்களும் பகல் ஆட்களும் உள்ளே வந்து சேர்ந்தோம். காற்றில் பரவுகிறது என்று சொல்லியிருப்பதால் காற்று வராமலிருக்கத் தண்டல் சன்னல்களை அடைத்து, இடுக்குகளில் சாக்குத்துணியைத் திணித்தார். கதவுக்குச் சங்கிலி போட்டார். அவரும் உள்ளேதான் இருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்; அவர் கொடுமைக்காரர் அல்லர். அச்சில் வந்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்தார்.

அந்த நாட்களை வரிசைப்படுத்த என்னால் முடியவில்லை. வெளிச்சம் கதவுக்கு அடியில் ஒரு கோடாக மட்டும் வந்தது. கஞ்சிப்பானை வரும்போது கதவு ஒரு முழம் திறக்கும். எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பும். ஈரச்சாக்கு, வியர்வை, வேப்பிலைப் புகை. ஒருவர் இருமினால் கூடம் முழுவதும் அடுத்த இருமலுக்காகக் காத்திருக்கும். பங்காளிக்கும் எனக்கும் ஒரே பாய். ஒருவர் படுத்தால் மற்றவர் சுவரில் சாய்ந்து உட்கார்வது என்று பேசிக்கொண்டோம். முதன்முறையாக அவர் முகத்தை அருகிலிருந்து நன்றாகப் பார்த்தேன். "நீ இவ்வளவு சின்னப்பயலா? பாயில பாதிக்கு மேல எடுத்துக்கிறியே" என்றார். மறுநாளே அவருக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு பாய் முழுக்க அவருடையதாயிற்று. மூச்சு இழுக்கும்போது அவர் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழும்பி அடங்கும். சன்னலைக் காட்டிக் கையை அசைப்பார். நான் தண்டலிடம் போய்க் கேட்பேன். அவர் கதவிலிருந்த தாளைக் காட்டுவார்.

டாக்டர் வந்தது அந்த நிலையில். வீடு வீடாகப் பார்த்துவரக் கிளம்பியவர் எங்கள் கதவைத் தட்டினார். சங்கிலி நீளத்துக்குத் திறந்த இடைவெளியில் அவர் முகம் தெரிந்தது. உள்ளிருந்து அடித்த காற்றில் ஒரு கணம் பின்வாங்கினார். எத்தனை பேர் என்று கேட்டார். பதில் கிடைத்ததும் உடனே எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார்.

"காத்துல வருதுன்னு போட்டிருக்கு, காத்த அடச்சாச்சு. உள்ள இருன்னு போட்டிருக்கு, உள்ள இருக்கோம்" என்றார் தண்டல். "இன்னும் என்னய்யா செய்யணும்?"

"அத எழுதினதே நான்தான்."

"இருக்கலாம்லா. மாத்தி ஒன்னு அச்சடிச்சுக் கொண்டாங்க, தொறக்குறேன். ஆளுங்கள வெளிய விட்டேன்னு நாளைக்கு வெள்ளக்காரத் துவான் என்னயத்தானே புடிப்பாரு?"

டாக்டர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்று பிற்பகல் நான் பங்காளியின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே கதவடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவந்து மங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி தட்டும் சத்தம் கேட்டது.

அவர் கையில் புதிய தாள் இல்லை. ஊர்க் காரியங்களைத் தீர்மானிக்கும் பெரியவர்களிடம் போயிருக்கிறார். ஒரு வாரத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் அரசாங்கத்தின் பேச்சை எவன் நம்புவான் என்று கேட்டார்களாம். தொழிலாளர்களைக் கடற்கரையில் பரவவிட்டால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா என்றும் கேட்டார்களாம். அச்சிட்டது அச்சிட்டதுதான். "அவங்களுக்கு வீடுன்னா ஆளுக்கொரு அறை" என்றார் டாக்டர். "எழுதும்போது நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அறிவிப்பைக் காட்டும்படி கேட்டார். தண்டல் தயங்கிவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். கதவு திறந்ததும் தாள் வெளிச்சத்துக்கு வந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து, ஒட்டியிருந்த தாளின்மேலேயே கடைசி வரியை அடித்தார். அதன் கீழே, 'திறந்த இடத்தில் ஒருவரையொருவர் விட்டு விலகி இருக்கவும்' என்று எழுதினார். கதவின் மரம் கரடுமுரடானது. எழுத்துகள் நடுங்கினாற்போல் விழுந்தன. தன் பெயரையும் உத்தியோகத்தையும் எழுதிக் கையொப்பமிட்டார்.

"இது யாரு கையெழுத்து? துவானோடதா?"

"என்னோடது."

"வந்து கேட்டாங்கன்னா?"

"என் பேரச் சொல்லுங்க. அதுக்குத்தான் போட்டிருக்கேன்."

தண்டல் அந்த நீலக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிறகு, இந்தத் தடவையாவது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிச்சயமாத் தெரியாது. ஆனா இப்படி அடச்சு வைக்கிறது தப்புன்னு தெரியும்" என்றார். வாசகசாலையில் சிரித்ததுபோல் இங்கே யாரும் சிரிக்கவில்லை. தண்டல் தானே போய் முதல் சன்னலின் சாக்கைப் பிடுங்கினார்.

காய்ச்சல்காரர்களைப் பாயோடு தூக்கிக் கடலோரத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பங்காளியைத் தூக்கிய பாயின் ஒரு முனை என் கையில் இருந்தது. காற்று பட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். "பாயப் பத்திரமா வச்சுக்க" என்றார், அல்லது அப்படி எனக்குக் கேட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரி வண்டி அவர்களை ஏற்றிச் சென்றது. பாயும் போனது. நாலைந்து நாள் கழித்து நான் விசாரிக்கப் போனபோது பெயர் கேட்டார்கள். எனக்குப் பெயர் தெரியவில்லை. தண்டல் அறிந்த பெயரிலோ அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் இறந்திருந்தார், ஒருவர் கப்பலேறியிருந்தார், மற்றவரைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை.

டாக்டர் சில மாதங்களில் நிபோங் திபால் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அது தண்டனையா, வழக்கமான மாற்றமா என்று நான் அறியேன். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் சாலையில் கூட்ட நெரிசலில் அவரைக் கண்டேன். என்னை அடையாளம் தெரிந்ததும், எடுத்த எடுப்பில், பாயில் தூக்கிப்போன அந்த மனிதர் பிழைத்தாரா என்றுதான் கேட்டார். தெரியாது என்றேன். கூட்டம் எங்கள் இருவரையும் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. "தெரியாதுங்கிறத நானும் அச்சிலேயே போட்டிருக்கணும்" என்றார். அதற்குள் காவடி ஒன்று எங்களுக்கிடையே புகுந்தது.

கிட்டங்கி இப்போது மறுபடி சாமான் வைக்கும் இடமாகிவிட்டது. அது காலியானபோது தாளைக் கதவிலிருந்து நான் உரித்தெடுத்தேன். எனக்குத் தனி அறையும் கட்டிலும் உண்டு. சன்னலை மழைக்காலத்திலும் அடைப்பதில்லை. தாளின் நீல மை பழுப்பாகிவருகிறது. அச்சு வரி அந்தக் கோட்டுக்கு அடியில் இன்னும் கறுப்பாகப் படிக்கக் கிடைக்கிறது. அதன் பின்புறத்தில் சென்ற வாரம் நான் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன்: என் பாயின் மறுபாதிக்காரர், நாகப்பட்டினத்துப் பக்கம், பெயர் உறுதியில்லை. சன்னல் திறந்த அன்று உயிரோடிருந்தார். பிழைத்தாரா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.