ஹில்மாவின் பெட்டி

"இன்னிக்காவது அழுவுமா?" என்று படகோட்டி யார்க்கோ, படகில் ஏறி நிற்கும் காரின் ஜன்னலில் குனிந்து கேட்கிறான். பின்சீட்டில் வார் போட்டு உட்கார வைத்திருக்கும் குழந்தை அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவன் அழுகையைப் பதிவு செய்யக் கைபேசியை அதன் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

"ராத்திரி பூரா அழுதா. உன்னப் பாத்தா மட்டும் பல்லே இல்லாம இளிக்கிறா," என்கிறாள் தாய். "அடுத்த தடவ கிள்ளிவிட்டுக் கூட்டிட்டு வரேன்."

"கிள்ளாத. தானா அழட்டும்."

சொல்லிவிட்டுப் படகோட்டும் அறைக்கு ஏறிப் போகிறான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

ஏரி குறுகும் இடத்தில், கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மஞ்சள் படகு அது. கார்கள் அப்படியே ஏறி நிற்கும். டிக்கெட் கிடையாது. படகைத் திருப்புகிற வேலையும் கிடையாது, இரண்டு முனையும் முன்பக்கம்தான். இலையுதிர்காலத்து மூடுபனியில் இரண்டு கரையும் காணாமல் போய்விடும். படகு போகிறதா, நிற்கிறதா, ஏரிதான் அடியில் நகர்கிறதா என்று காரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாயாடிகள்கூட அப்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யார்க்கோவுக்கு அந்த நேரம்தான் உசத்தி.

படகு நிறைந்துவிட்டால், அடுத்து வரும் காருக்கு உள்ளங்கையைக் காட்டி, "இடமில்ல, அடுத்த நடை" என்பான். கிளம்பும்போது கரையைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்குவான். கரையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் தூக்குவான். தபால்காரி ஐலா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"யாருக்குப்பா விரல் காட்டற? பேய்க்கா?"

"யாராச்சும் வந்துக்கிட்டு இருக்கலாம்," என்றான்.

குழந்தை அழுகை எதற்கு என்றால், பூனைக்கு. ஹில்மா என்று பெயர். சாம்பல் நிறம், கிழப்பருவம், வீடே தன் பெயரில் எழுதியிருக்கிறது என்ற நினைப்பு. அது படுப்பது அடுப்பருகே கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டியில். அந்த நாட்டில் பிள்ளைப்பேறு நெருங்கும் எல்லா வீட்டுக்கும் அரசாங்கம் அனுப்புகிற பெட்டிதான். உள்ளே குட்டிக் குட்டிச் சட்டைகள், பனிக்கு உடுப்பு, அடியில் சின்ன மெத்தை. துணியை எடுத்துவிட்டால் பெட்டியே தொட்டில். இரண்டு வருஷத்துக்கு முன் யார்க்கோ வீட்டுக்குப் பெட்டி வந்தது, பிள்ளை வரவில்லை. எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. துணியெல்லாம் பரணுக்குப் போயிற்று. வெறும் பெட்டிக்குள் ஹில்மா ஏறிச் சுருண்டுகொண்டது. அவன் மனைவி தெர்ஹி அதை விரட்டவில்லை. "அதுக்காவது ஆவட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது இரண்டாவது பெட்டி வந்திருக்கிறது. அலமாரி உச்சியில், ஒட்டின நாடா பிரியாமல் இருக்கிறது. தெர்ஹிக்கு மாதம் எட்டைத் தாண்டிவிட்டது. "அது அங்கயே கெடக்கட்டும். தொடாத. பேரு கீரு யோசிக்காத," என்று சொல்லி வைத்திருக்கிறாள். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். இந்த வீட்டில் பூனை அடுப்பண்டைதான் கிடக்கிறது. சூடு கண்டவள் தெர்ஹி.

யார்க்கோவுக்கு ஒரே ஆசைதான். அந்தப் பெட்டி கீழே இறங்க வேண்டும், அவள் கையாலேயே திறக்க வேண்டும். அதை அவளிடம் கேட்கிற தைரியம் அவனுக்கு வராது. ஆகவே பூனையைப் பற்றிப் பேசினான். "பெட்டின்னு இருந்தா எல்லாம் தனக்குத்தான்னு நெனைக்குது இது. இப்பவே பழக்கணும்."

"பூனைக்கென்ன. அது பொழச்சுக்கும்," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் பிள்ளை வாடைக்கும் அழுகைக்கும் பூனையைப் பழக்க விறகுக் கொட்டகையில் பாடம் ஆரம்பமாயிற்று. ஐலா தன் தங்கை பிள்ளையின் பால்வாடை வீசும் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஊருல அவனவன் தொட்டிலுக்குப் பெயிண்ட் அடிப்பான். நம்ம ஆளு பூனைக்கு வாத்தியாராப் போயிட்டான்," என்று படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லாரும் சிரிக்க அவனும் சிரித்தான். தன்னைத் தயார் செய்துகொள்ள அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. பூனையைத் தயார் செய்வது சுலபம்.

சிரித்த குழந்தை கடைசியில் ஒருநாள் அழுதது. படகின் இரும்புப் பலகை கரையில் 'டமால்' என்று விழுந்ததும் வீறிட்டது. தாயும் யார்க்கோவும் பரிசு விழுந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைபேசியில் பதிந்த அந்த அழுகையை முதன்முதலில் போட்டபோது ஹில்மா விறகு அடுக்கின் உச்சிக்குத் தாவி, வாலைப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆக்கிக்கொண்டது. அழுகைக்கு ஒரு துண்டு புகைமீன் என்று கொடுத்துப் பழக்கினான். நாளாக ஆக, காதை மட்டும் திருப்பியது. பிறகு பால்வாடைத் துண்டின்மேலேயே உட்கார்ந்து கேட்டது.

ஒரு வியாழக்கிழமை. பள்ளிச் சமையலறை வேலை முடிந்து, மிஞ்சிய பட்டாணி சூப்பைத் தூக்கோடு எடுத்துக்கொண்டு தெர்ஹி சீக்கிரமே வந்துவிட்டாள். முற்றம் முழுக்க மூடுபனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது. அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் யார்க்கோ பதறிப்போய்க் கைபேசியை அணைத்தான்.

"யாரோட பிள்ள?"

"அக்கரைப் பொண்ணோடது. படகுல அழுதுச்சு... பூனைக்காக..." வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டோமே என்று கைபேசியைப் பைக்குள் திணித்தான்.

"ஏன் நிறுத்தின? போடு."

போட்டான். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பனி கொட்டகைக்குள்ளும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"பயந்து அழுவுது," என்றாள். "தூக்கினா அடங்கிடும்." தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா. வந்து அதை எறக்கு," என்றாள்.

யார்க்கோ செருப்பில் ஒட்டிய மரத்தூளோடு உள்ளே போய், அலமாரி உச்சியிலிருந்து பெட்டியை இறக்கிச் சமையலறைத் தரையில் வைத்தான். தெர்ஹி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ரொட்டிக் கத்தியால் நாடாவைக் கீறினாள். புதுத்துணி வாசம் வந்தது. ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடியில் வைத்தாள். அடியில் மெத்தை தெரிந்தது.

ஹில்மா பின்னாலேயே வந்திருந்தது. தன் பழைய பெட்டியைப் பார்த்தது, புதுப் பெட்டியைப் பார்த்தது. நேரே வந்து புதுப் பெட்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்தது. யார்க்கோ வாயைத் திறப்பதற்குள் தெர்ஹி உள்ளங்கையைச் செங்குத்தாக அதன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இடமில்ல," என்றாள். "ஆள் வருது."

பூனை காலை எடுத்துக்கொண்டது. ஏறவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கரையில் நிற்கும் கார் மாதிரி அங்கேயே குந்திக்கொண்டது.

யார்க்கோ கதவோரத்தில் நின்றபடியே, காலியாக இருந்த அந்தப் புதுப் பெட்டியைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினான்.