சண்டையை நிறுத்தியவரின் மனைவி

அருவருப்பு என்றால் என்னவென்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ரசிகர்கள்தான். அதுவரை அவளுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாள். பல் செட் செய்யும் இடத்தில் வேலை. முகம் தெரியாத வாய்களின் அச்சுகள் காலையில் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, அந்த வாய்க்குப் பொருந்தும் பல்லைச் செதுக்க வேண்டும். எச்சில், கறை, ரத்தம், முந்தின வேளைச் சாப்பாட்டின் மிச்சம் எல்லாம் அச்சோடு சேர்ந்தே வரும். அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் பல் அக்கா. அவளைவிட மூத்த டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். வேலை நாளெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடப்பார். போட்டி நடக்கிற விடுமுறை நாள்களில் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பிவலைக் கூண்டுக்குள் நுழைந்துவிடுவார். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போட்டுக் கழுத்தை நெரிக்கலாம் என்கிற எம்.எம்.ஏ. சண்டைக்கு அவர் நடுவர். இளவயதில் அவரும் சண்டை போட்டவர்தான். முட்டி போனபிறகு சண்டையை நிறுத்துகிறவராகிவிட்டார்.

நிறுத்துவதுதான் அவருடைய வேலையே. அடி வாங்குகிறவன் இனி தன்னைக் காத்துக்கொள்ள மாட்டான் என்று தெரிகிற நொடியில் குறுக்கே விழ வேண்டும். புள்ளி போட வெளியே மூன்று பேர் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ரசிகனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? தனக்குப் பிடித்தவன் ஜெயித்தால் அவன் வீரன். தோற்றால் நடுவர், புள்ளி போட்டவர்கள், மணி அடித்தவர் எல்லோரும் விலைபோனவர்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன், கொசு கடித்ததற்கே ஊரைக் கூட்டுகிறவன், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு “இந்த அடிக்கெல்லாமா நிறுத்துவான்?” என்று கேட்பான். அடுத்தவன் மண்டை என்றால் எல்லோருக்கும் தாராள மனசு.

உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம், அவள் தம்பி ஒருவனே போதும். செல்போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறவன். ஞாயிறு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். மாமா எதிரில் பெட்டிப் பாம்பு. போனைக் கையில் எடுத்துவிட்டால் உலகத்து நடுவர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவான்.

புல்டோசர் என்ற ஒருவனை ஊரே தலையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. ஒரு விடுமுறை நாள் சண்டையில் இரண்டாம் சுற்றில் எதிராளியின் கை அவன் காதுக்குக் கீழே இறங்கியது. நின்ற வாக்கில் சாய்ந்தான். எதிராளி மேலே ஏறி இன்னும் இரண்டு குத்துவிட்டான். புல்டோசரின் கைகள் முகத்தைக் காக்க எழவே இல்லை. அவள் கணவர் குறுக்கே பாய்ந்து எதிராளியைத் தள்ளினார். சண்டை முடிந்தது.

முடிந்த பிறகுதான் வினை. கீழே கிடந்தவன் கண்ணை விழித்தான். எதிரில் தெரிந்த இரண்டு கால்களைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, நடுவரைத் தொப்பென்று தரையில் போட்டு மேலே படுத்துக்கொண்டான். மயங்கி எழுகிறவர்கள் சிலர் இப்படிச் செய்வார்கள். நினைவு பாதிதான் திரும்பியிருக்கும். சண்டை இன்னும் நடக்கிறது என்று நினைத்து, கண்ணில் படுகிறவனை எதிராளி என்று பிடிப்பார்கள். தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். அவள் கணவர் அடியில் கிடந்தபடியே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, “முடிஞ்சிருச்சுப்பா, முடிஞ்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அநியாயமாக நிறுத்திய நடுவரைப் புல்டோசர் தூக்கிப் போட்டு நியாயம் கேட்டுவிட்டானாம். மண்டபமே எழுந்து நின்று விசிலடித்தது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. யாரோ எறிந்த குளிர்பானக் கோப்பை, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் பிடரியில் பட்டு முதுகில் வழிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒருவர், பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார், அவள் கணவரைப் பெற்றவளைப் பற்றி வாய் கூசும் ஒன்றை உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தார். அவளுக்குக் குமட்டியது. எத்தனையோ வாய்களின் உள்பக்கம் பார்த்தவள், இவ்வளவு அசிங்கமான வாயைப் பார்த்ததில்லை.

அந்தக் காட்சி பாட்டும் சிரிப்புச் சத்தமும் சேர்த்துப் போன் போனாகப் போனது. குருடன், கபோதி, காசு வாங்கித் தின்றவன் என்று கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். கேமராவோடு போனவர்கள் புல்டோசரைக் கேட்டபோது அவனும், “ஆமா, கோவத்துலதான் தூக்கிப் போட்டேன். நான் நல்லாத்தான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டான். அதில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான் என்பது பிற்பாடு வெளியே வந்தது. ஊரே கைதட்டுகிற ஒன்றை நான் செய்யவில்லை என்று எவன் சொல்வான்?

தம்பியும் அந்த வீடியோவைச் சிரிக்கும் முகங்கள் வைத்துப் பரப்பியிருந்தான். அவள் கேட்டதற்கு, மாமா வேறு, ரெஃப்ரி வேறு என்று நீதிமான் மாதிரிச் சொன்னான். ஒரு கிண்ணம் பிளாஸ்டரை அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அவளை உலுக்கியது அவன் இல்லை, மகள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல், “அப்பா காசு வாங்கிட்டுத்தான் நிறுத்துனாராம்மா?” என்று கேட்டாள்.

போட்டி நடத்துகிறவர் வீட்டுக்கே வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவர் பூசியிருந்த சென்ட் வந்தது. ரொம்பப் பணிவாகப் பேசினார். அவர்கள் விதிப்படி, அடிபட்டு நினைவிழந்து தோற்றவன் சில மாதம் கூண்டுக்குள் கால் வைக்கக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வரலாம். ஆனால் நடுவரே தவறாக நிறுத்திவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால், நடந்ததே ரத்து. நினைவிழந்ததும் கணக்கில் வராது, ஓய்வும் தேவையில்லை. அடுத்த மாதமே மறுபடி மோதவிடலாம், ஜனங்களும் ஆசையாக இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வீடியோவில் சொன்னால் போதும் என்றார். அவள் கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவர் யோசிக்கட்டும் என்று அவள் விடவில்லை. போன் எடுக்கவே பயமாக இருந்தது, கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. “சொல்லித் தொலைங்களேன். ஒரு நிமிஷ வேலை. புள்ள மூஞ்சியப் பாருங்க” என்று அழுதாள். அவர் பிசைந்த சோற்றைச் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, சரி, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார். அந்தக் குரலை அவள் கவனித்திருக்க வேண்டும். அப்போது அவளுக்கு நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அந்த வாரம் புல்டோசர் பல் செய்யும் இடத்துக்கு வந்தான். சண்டையில் வாய்க்குள் வைக்கிற மவுத் கார்டு அந்தக் களேபரத்தில் தொலைந்துபோயிருந்தது, புதிதாகச் செய்ய அளவு கொடுக்க வேண்டும். அவள் யாருடைய மனைவி என்று அவனுக்குத் தெரியாது. மரியாதையாக அக்கா அக்கா என்றான். அச்செடுக்கும் தட்டைக் கடிக்கச் சொன்னாள், கடித்தான். முன்பல் ஒன்றின் முனை உடைந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததாம். மறுபடி சண்டை போடப் போவதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மறுபடியும் வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று கையை நெற்றியில் குடைபிடித்துக்கொண்டு, “மவுத் கார்டுக்கு அளவு குடுக்கணும்க்கா” என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். நேற்றுத்தானே கொடுத்தாய் என்றாள். அவன் சிரித்தான், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாத சிரிப்பு. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறீர்கள், நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை என்றான். அவள் அலமாரியிலிருந்து அவனுடைய பல் அச்சை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இது யார் பல்லு தெரியுதா?”

திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாருதுக்கா? என்னை மாதிரியே முன்பல்லு உடைஞ்சிருக்கே.”

அவள் அச்சை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். உடனே டாக்டரைப் போய்ப் பார் என்றாள். அதற்கெல்லாம் நேரம் இல்லை, ரெஃப்ரி ஞாயிற்றுக்கிழமை தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறார், அப்புறம் தடை எதுவும் கிடையாது என்றான். இதை மட்டும் அவன் மறக்கவில்லை. வாசல் வரை போனவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பாட்டில் எறிந்தவர்கள், வாத்தியார் மாதிரி இருந்த அந்த ஆள், சென்ட் வாசனையோடு வந்தவர், தம்பி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். இந்தப் பையனை இன்னொரு தடவை அதே இடத்தில் அடி வாங்க அனுப்ப எத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் அந்த வரிசையில் நல்லபிள்ளையாகச் சொல்லித் தொலைங்களேன் என்று அவளும் நின்றிருந்தாள். அவர்களைவிடத் தன்மேல் வந்த அருவருப்புத்தான் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது கணவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். “அந்த வீடியோ வேணாங்க” என்றாள்.

அவர் குழாயை மூடினார். “அன்னிக்கு நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்ல. கண்ணு ரெண்டும் திறந்துதான் இருந்துச்சு. உள்ள யாரும் இல்ல.”

“இத ஏன் அன்னிக்கே என்கிட்ட சொல்லல?”

“நீ அழுதுட்டிருந்த” என்றார் அவர்.

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவளே எல்லாவற்றையும் விளக்கினாள். அப்பா காசு வாங்கவில்லை, ஒருவன் உயிர் போகாமல் இருக்கத்தான் நிறுத்தினார் என்றாள். மகள் கேட்டுக்கொண்டு, வகுப்பில் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். நம்ப வேண்டாம் என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வரவில்லை. போட்டி நடத்துகிறவரின் பணிவு அன்றோடு காணாமல் போனது. புல்டோசரின் நிலையைச் சொன்னதற்கு, பல் கழுவுகிறவர்கள் மூளையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். ஆனால் நடுவர் ஒத்துக்கொள்ளாமல் அவரால் எதையும் ரத்து செய்ய முடியவில்லை. புல்டோசர் ஆஸ்பத்திரி, ஓய்வு என்று மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் இப்போது குடும்பத்தையே சேர்த்து ஏசினார்கள். அவள் கணவரைக் கொஞ்ச காலம் எந்தப் போட்டிக்கும் யாரும் கூப்பிடவில்லை. தம்பி அந்த வாரமும் வெட்கமில்லாமல் சாப்பிட வந்தான். மாமா வேறு ரெஃப்ரி வேறு என்றால் சாப்பாட்டையும் வேறு இடத்தில் பார்த்துக்கொள் என்று கதவைச் சாத்தினாள்.

வேறொருவர் நடத்திய போட்டிக்கு நடுவர் கிடைக்காமல் அவரைக் கூப்பிட்டார்கள். மதியப் போட்டி. அவளும் போனாள். முன் வரிசையில் புல்டோசர் உட்கார்ந்திருந்தான். டாக்டர் இன்னும் அனுமதி தராததால் பார்வையாளனாகத்தான் வந்திருந்தான். பக்கத்தில் அவன் தோளில் கை போட்டபடி அவள் தம்பி. அவள் கணவர் கூண்டுக்குள் நுழைந்ததுமே மண்டபம் ஊளையிடத் தொடங்கியது. கடைசிச் சண்டையை அவர் நிறுத்தியபோது அது காது அடைக்கிற இரைச்சலாயிற்று.

புல்டோசர் நாற்காலிமேல் ஏறி நின்றான். முதல் சண்டையில் பின்மண்டையில் குத்தியதை விட்டுவிட்டாய், இரண்டாவதில் தரையில் கட்டிப் புரண்டவர்களை எழுப்பி நிறுத்த அவசரப்பட்டாய், மூன்றாவதில் சிவப்புக் கால்சட்டைக்காரன் கம்பிவலையைப் பிடித்துத் தொங்கியதைப் பார்க்கவில்லை, இப்போது இதையும் கெடுத்துவிட்டாய், நீ லிப்ட் குழியிலேயே கிடந்து சாவு என்று கைநீட்டிக் கத்தினான். தம்பி கைதட்டினான். அவர்கள் எல்லோர்மேலும் அவளுக்கிருந்த அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் அவன் கத்தியதை ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“கத்துனது அவன்தானே?”

“ஆமா.”

“இரைச்சல்ல எனக்குச் சரியாக் கேக்கல. என்ன சொன்னான்?”

அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். முதல் சண்டை, இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் சாபம்.

“இதே வரிசையிலயா சொன்னான்?”

“இதே வரிசைதான். ஒண்ணுகூட மறக்கல.”

அவர் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார்.

“அந்தச் செவப்பு டிரவுசர் வலையப் புடிச்சத நான் பாக்கவே இல்ல” என்றார்.