மாடு குடிக்கிற தண்ணீர்

மச்சான் கும்பாவைத் தள்ளி வைத்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். கும்பாவில் கம்மங்கூழ். அக்கா மோர் விட்டுக் கரைத்து, பக்கத்தில் வெங்காயமும் உரித்து வைத்திருந்தாள். அவர் பர்மாவிலிருந்து பரளச்சிக்கு வந்து சேர்ந்த மறுநாள் அது. அக்காவுக்குத் துணையாக நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்ததும் கிளம்பி, காடும் மலையுமாக நடந்து, கூட வந்தவர்கள் பலரை வழியிலேயே பறிகொடுத்து வந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அப்புறம் கும்பாவைத் தள்ளிவிட்டு, "எறங்க மாட்டேங்குது புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா எழுந்து போய்க் கடைக்கார வீட்டில் கம்பைக் கொடுத்து அரிசி மாற்றி வந்து பொங்கினாள். அவர் அள்ளி அள்ளித் தின்றார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரங்கூனில் அவருக்கு அரிசி ஆலையில் வேலை. மூன்று வேளையும் நெல்லுச் சோறு. "வழியில பசியில விழுந்து கெடந்தேன் மாப்ள. சாமி ஞாபகம் வரல. ஒங்க அக்கா ஞாபகமும் வரல. சோத்துப் பருக்கைதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு" என்று என்னிடம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தாள். எங்கள் பக்கம் நெல்லுச் சோறு என்றால் தீபாவளி, பொங்கல், இல்லையென்றால் காய்ச்சலில் கிடந்து எழுந்த நாள். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. இவையெல்லாம் கரிசலில் வானம் பார்த்து விளைகிறவை. மழை பெய்தால் நிறைய விளையும், ஏமாற்றினாலும் கொஞ்சம் விளையும். கம்புக்கு ஊடே தட்டாம்பயறும் மொச்சையும் கிடைக்கும். பாத்தியோரம் கீரை தானாக முளைக்கும். கதிரறுத்த தட்டை மாட்டுக்கு. இதையெல்லாம் அன்றைக்கு நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை. இல்லாமல் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

பர்மாக் கப்பல் நின்றதிலிருந்து அரிசி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அருப்புக்கோட்டைக்குப் போய் வரிசையில் நின்றால் அளந்து கொடுப்பார்கள். பாதி நாள் அதுவும் இல்லை. மச்சான் ஒரு முடிவுக்கு வந்தார். ஊருக்குத் தெற்கே அவருக்கு நாலு குறுக்கம், ஏறக்குறைய நாலு ஏக்கர், புஞ்சை இருந்தது. அவர்களுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அதில் கிணறு வெட்டி நெல் போடுவது என்றார். "அரைக் குறுக்கத்துல மட்டும் போட்டுப் பாப்போமே. மிச்சத்துல கம்பு கெடக்கட்டும்" என்றாள் அக்கா. "நெல்லு போட வக்கு வந்த பெறகு எவன் கம்பு போடுவான்?" என்றார் அவர். அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கிணற்றை நானும்தான் வெட்டினேன். மேலே கரிசல், கீழே சுக்கான் பாறை, அதற்கும் கீழே தண்ணீர் ஊறியது. பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "ஏலே ரங்கோனு, இதுல உப்புக்கண்டம் ஊறப் போடலாம்லே" என்றார். எல்லோரும் சிரித்தோம், மச்சானும் சிரித்தார். பிறகு போய்க் காளைகளை அவிழ்த்து வந்தார். வாளியில் அந்தத் தண்ணீரை வைத்தார். காளைகள் முகர்ந்து பார்த்தன. குடித்தன. வாளி காலியானதும் மச்சான் நிமிர்ந்து, "பாத்துக்கிட்டியளா? மாடு குடிக்குற தண்ணிய நெல்லு குடிக்காதாக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியாகத்தான் பட்டது. மாடு ஒரு வாளி குடித்துவிட்டு நகர்ந்துவிடும், நிலம் இருந்த இடத்திலேயே கிடந்து குடிக்கும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கரிசலுக்கு அதுவரை நாங்கள் வானத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் காட்டியதில்லை.

முதல் வருஷம் நல்ல மழை. கமலையில் மாடு கட்டிக் கொஞ்சம் இறைத்ததே போதுமாக இருந்தது. நெல் விளைந்தது. புது அரிசி பொங்கிய அன்று தெருவே வாசலில் நின்றது. அக்கா ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாள். "இனிமே நீங்க எங்க வீட்டுப் பக்கம் எல்லாம் வருவியளா? ரங்கோன் தொரசாணி ஆயிட்டிய" என்று ஒருத்தி கேலி பேசினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒன்று நடந்தது. கம்பு குத்துகிற பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு குத்த ஆரம்பித்தார்கள். உலக்கைச் சத்தம் வெளியே கேட்பது கேவலமாகிவிட்டது. அடுத்த வருஷமே உப்புக்கண்டம் என்று கேலி பேசியவர் உட்பட மூன்று பேர் கிணறு வெட்டினார்கள்.

அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பால் மறந்ததும் அதற்கும் நெல்லுச் சோறுதான். கம்பை வாயில் வைத்தால் துப்பிவிடும். மச்சானுக்கு அதில் பெருமை. "எம் மகளுக்குக் கூழு குடிக்குற நாக்கு இல்ல" என்பார். பயறு இல்லை, கீரை இல்லை, வெள்ளைச் சோறும் புளித்தண்ணியும்தான். பிள்ளைக்கு வாய் ஓரம் வெடித்துப் புண்ணாகவே இருந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டை இல்லை, வைக்கோல்தான். காளைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அந்த விலாவோடுதான் அவை கமலை இழுத்தன.

மூன்றாம் வருஷம் பயிர் திட்டுத் திட்டாகப் பழுத்தது. மச்சான் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்தார். விடியலில் கமலையில் நின்றால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். இறைக்க இறைக்கப் பழுப்பு பரவியது. பாத்தி காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. ஒருநாள் போய்ப் பார்த்தால், மேய்ச்சலுக்கு வந்த ஆடுகள் பயிரைக் கடிக்காமல் மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. ஆட்டுக்காரர், "ஒங்க வயல்ல உப்பு வெளஞ்சிருக்கு சாமி" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ தெரியாது. மச்சான் ஆடுகளை விரட்டினார்.

அதற்கு அடுத்த வருஷம் மச்சான் தோற்றுப்போய்க் கம்புக்கே திரும்பினார். அவரே வாய் திறந்து, "கம்பு போடுவோம் புள்ள" என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். மழையும் பெய்தது. விதைத்தோம். சுற்றிலும் எல்லார் காட்டிலும் பச்சை எழும்பியது. எங்கள் நாலு குறுக்கத்திலும் கிணறு வெட்டிய அந்த மூன்று பேர் நிலத்திலும் ஒன்றும் எழும்பவில்லை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் மேலேயே நின்றது. வற்றியதும் மண் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அக்கா உட்கார்ந்து விரலால் தோண்டினாள். போட்ட விதை போட்டபடியே இருந்தது. சில விதைகள் ஊதி அழுகியிருந்தன. கம்பு முளைக்காத கரிசலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மச்சான் வரப்பில் நின்றார். கிட்டே வரவே இல்லை.

அப்புறம் மழையும் ஊரைக் கைவிட்டது. காளைகளை விற்றார். திருச்சுழிப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனார். அங்கே கஞ்சி ஊற்றினார்கள். என்ன தானியம் என்று யாருக்கும் தெரியாது, கப்பலில் வந்தது என்றார்கள். அதை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு கண்டது. வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. வாய்க்கரிசிக்கு அரிசி வேண்டும். நான் தெருவில் கேட்டுப் போனேன். எந்த வீட்டிலும் இல்லை. கடையிலும் இல்லை. திரும்பி வந்தால் உரல் சத்தம் கேட்டது. அக்காதான் குத்திக்கொண்டிருந்தாள். முதல் விளைச்சலில் விதைக்கென்று ஒரு கலயத்தில் கட்டி வைத்திருந்த நெல் அது. பெண்கள் உலக்கையைப் பிடித்தார்கள். "விடும்மா, வெத நெல்ல போய்க் குத்தலாமா?" என்றாள் ஒருத்தி. அக்கா உலக்கையை விடவில்லை. "வெதக்க எடத்தக் காட்டு. நிப்பாட்டுதேன்" என்றாள். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். அவள் குத்தி முடிக்கிறவரை எல்லோரும் நின்றார்கள். கூடியிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவர் வாயில் போட்டார்கள். அக்காவும் போட்டாள். மகளின் கையிலும் கொஞ்சம் வைத்தாள். பிள்ளை அதை அப்பன் வாயில் போடவில்லை. தன் வாயில் போட்டு மென்றது. யாரும் தடுக்கவில்லை.

அக்காவையும் பிள்ளையையும் நான் மல்லாங்கிணற்றுக்கு, என் வீட்டுக்கு, அழைத்து வந்துவிட்டேன். ஒவ்வொரு மழைக்கும் பரளச்சிக்குப் போய் ஒரு பிடி கம்பைத் தூவிவிட்டு வருவாள். முளைத்ததா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கு எங்கள் வீட்டிலும் தினம் நெல்லுச் சோறுதான், ரேஷன் அரிசி. எங்கே விளைகிறது, யார் நிலத்தில், என்ன தண்ணீரில் என்று யாருக்கும் தெரியாது. பேரப்பிள்ளைகள் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். அந்த நாலு குறுக்கத்தில் இப்போது சீமைக்கருவேலம் நிற்கிறது. மற்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற மரம், அங்கே மட்டும் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை.