செசிலியும் ஐந்து மாடியும்

கழுத்தை முடிந்தமட்டும் பின்னால் சாய்த்து, இடது கையை இடுப்பில் ஊன்றி, "லிஜா மக்கா, அயலை இருக்கு. வாளிய விடு" என்கிறாள் செசிலி. நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய சிவப்பு வாளி ஆடிக்கொண்டே இறங்குகிறது.

இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முப்பத்திரண்டு வருடமாக மீன் கொண்டுவருகிறாள். ஊர் வளர்ந்த கதையை அவள் தொண்டை சொல்லும். இங்கே வயலும் ஓட்டு வீடுகளும் இருந்தபோது வாசலில் வந்து இருமினால் போதும். வயல் பிளாட்டானது, வீடுகள் மச்சு கட்டின; கூவ வேண்டிவந்தது. நகராட்சி மாநகராட்சியாகி அடுக்குமாடி எழுந்ததும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பக் கற்றுக்கொண்டாள். அதிலும் மேல்மாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் உரக்கப் பேசுவாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஆறுமுகப்பெருமாள் ஓய்வுபெற்ற அதிகாரி, ஐந்தாம் மாடி, பரம்பரைச் சைவர். வாடை தாங்கவில்லை என்று வாசலில் பலகை வைத்தார்: 'மீன் விற்பவர்கள் உள்ளே வரக்கூடாது.' செசிலி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தெருவிலேயே நின்றுகொண்டாள். பால்கனிகளிலிருந்து வாளிகள் இறங்கின. அவர் கீழே வந்து கேட்டதற்கு, "நான் எங்க சார் உள்ள வந்தேன்? மீனுல்லா மேல போவுது" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கயிற்றையும் தடை செய்யப்போவதாக அவர் அறிவித்தார். செசிலி மற்றத் தெருக்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பழைய தெருக்களின் வீடுகளெல்லாம் கடைகளாகிவிட்டன. கடைகள் மீன் தின்பதில்லை. இந்தப் பதினெட்டு வாளிகள்தான் மிச்சம்.

சனிக்கிழமை, எல்லா வாளிகளும் ஏறிப்போன பிறகு, ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பை இறங்கியது. கயிறு புதிது. மேலே செயலாளரின் மூக்குக்கண்ணாடி பளபளத்தது. அவர் மனைவி ஊரில் இல்லை.

"பூனைக்கு" என்று ரகசியமாகச் சொன்னார். ஐந்து மாடி உயரத்திலிருந்து சொன்ன ரகசியம் தெருமுனை வரை கேட்டது. ஒவ்வொரு பால்கனியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தக் கட்டடத்தில் பூனை வளர்க்கக்கூடாது என்று போன வருடம் தீர்மானம் போட்டவரும் அவரே.

செசிலி இரண்டு அயலையை எடுத்துச் செவுளும் குடலும் நீக்கி, குழம்புக்குப் போடுகிற அளவில் துண்டு போட்டு, வாழையிலையில் பொதிந்து பைக்குள் வைத்தாள். பிறகு மதிலுக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்த கிளையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்து, அதையும் உள்ளே செருகி, கயிற்றை இரண்டு தடவை இழுத்துவிட்டாள்.