நடுத்திட்டு வரை ஓடும் நரம்பு

சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டுச் சரக்கு வரவழைக்க விரும்பும் எவரும், சரக்கின் விவரம், தேவையின் காரணம், அதே தரத்தில் உள்நாட்டில் கிடைக்காது என்பதற்கான விளக்கம் ஆகியவற்றுடன் இறக்குமதி அதிகாரிக்கு மனுச் செய்து முன் அனுமதி பெற வேண்டும். அன்றைய விதி அதுதான். விதியைப் பற்றிக் கவலைப்படாமல் டேப் ரிக்கார்டரும் நைலக்ஸ் புடவையும் கடற்கரையோரமாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. நான் மனுச் செய்தேன். சரக்கின் விவரம்: தூண்டில் நரம்பு, ஒற்றை இழை, ஒரு சுருள். தேவையின் காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘கல்யாணம்’ என்பதுதான் உண்மை. ‘மீன் பிடித்தல்’ என்று எழுதினேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் நிலச் சீர்திருத்த அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். நில உச்சவரம்பைக் குறைத்துப் புதுச் சட்டம் வந்திருந்தது. வரப்பில் செங்கொடி, டீக்கடையில் கறுப்பு சிவப்பு, குறுவை அறுவடைக்கு ஆள் இறங்குமா இறங்காதா என்று ஊருக்கு ஊர் பஞ்சாயத்து. எங்கள் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. எல்லாவற்றையும் எங்கள் பெரியவர்களே முன்யோசனையுடன் விற்றுத் தீர்த்துவிட்டதால் எந்தச் சட்டத்தாலும் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆவணிக் கடைசியில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு வக்கீலுக்கு உச்சவரம்பு நோட்டீஸ் சார்வு செய்ய, அதாவது நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க, வேண்டியிருந்தது. போன தலையாரி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். “ஐயா ஆத்துக்குள்ள நின்னு சாட்டை வீசிக்கிட்டு இருக்காரு. நான் கிட்டப் போமாட்டேன்” என்றார். என்னை அனுப்பினார்கள்.

அது சாட்டை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வக்கீல் ஒரு நீண்ட, ஒல்லியான தூண்டில் கழியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். கழியின் நுனியிலிருந்து கிளம்பிய கயிறு அவர் தலைக்குப் பின்னால் காற்றில் சுருண்டு விரிந்து, திரும்ப ஆற்றின் மேல் போய் விரிந்தது. கயிற்றின் முனையில் புழு இல்லை. ஈ மாதிரி இறகு கட்டிய சின்ன முள். சீமையில் சட்டம் படித்தபோது பழகிய வழக்கமாம். நான் நோட்டீஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கினேன்.

“ஒதுங்குங்க!” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

ஒதுங்குவதற்குள் முள் என் கையிலிருந்த நோட்டீஸைக் கவ்விக்கொண்டு ஆற்றின் மேல் பறந்தது. அரசு ஆவணம் ஒன்று தானாகவே பறந்து போய் உரியவரிடம் சேர்ந்தது என் பணிக்காலத்திலேயே அந்த ஒரு முறைதான். வக்கீல் அதை நீரிலிருந்து எடுத்து, உதறி, படித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

“நிலத்தை எடுத்துக்கட்டும். ஆத்தை எடுக்க இன்னும் சட்டம் வரலியே தம்பி?”

“இப்போதைக்கு வரலைங்க சார்.”

படித்துறையில் குரல் கொடுத்தவள் அவருடைய மகள். அந்த வருஷம்தான் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள், அடங்கவில்லை. நான் அன்று தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேனா, பறந்து வந்தேனா என்று எனக்கு நினைவில்லை. பயணப்படி மட்டும் பஸ்ஸுக்குத்தான் வாங்கினேன்.

அலுவலக நடைமுறை தெரிந்தவன் ஆகையால் மறுநாளே கண்காணிப்பாளரிடம் ஒரு குறிப்பு வைத்தேன். அந்த வக்கீலின் கோப்பை வேறு உதவியாளருக்கு மாற்ற வேண்டும், காரணம், சொந்தம்.

“சொந்தக்காரரா?” என்றார்.

“இன்னும் இல்லைங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதினார். பச்சை மையில் இவ்வளவு அழகான சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் எனக்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. தூண்டில் விவகாரத்தை எனக்கு விளங்க வைத்தது அவள்தான். “முன்னாடி இருக்கறது எறியற கயிறுங்க, நல்ல கனம். அது பறக்கறப்ப பின்னாடி இருக்கற மெல்லிசு நரம்பை இழுத்துக்கிட்டு ஓடணும். எஞ்சினும் பெட்டியும் மாதிரி. அப்பாகிட்ட எஞ்சின் இருக்கு. பெட்டி மக்கிப் போச்சு.”

ஆற்றின் நடுவே நாணல் மண்டிய ஒரு திட்டு. அதன் ஓரத்தில்தான் மீன்கள் துள்ளும். வக்கீலின் கயிறு பாதி வழி போய், மக்கிய நூல் கழியின் வளையங்களில் சிக்கி, சொத்தென்று விழும். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் கொடி பிடித்துக்கொண்டு போன சங்கத்து ஆட்களில் ஒருவர், “வக்கீலய்யா என்னா பண்றாரு தெரியுமா? அந்தத் திட்டும் உச்சவரம்புக்குள்ள வருதான்னு அளக்குறாரு” என்றார். ஊர்வலம் முழுக்கச் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். “அளந்து முடிஞ்சா உங்களுக்குத்தான்யா எழுதி வைப்பேன்” என்று கத்தினார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்த அந்த நல்ல நேரத்தில் நான் பெண் கேட்டுவிட்டேன். அவர் கழியைக் கீழே வைத்தார்.

“தம்பி, நீங்க ஆபீஸ்காரரு. உங்க ஆபீஸ்ல ஆரம்பிச்ச வேலை எதையும் முடிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு ஒரு நரம்பு கொண்டாங்க. நடுத்திட்டு வரைக்கும் ஓடணும். ஓடுச்சுன்னா பேசலாம்.”

“நல்ல நரம்பா கேளுங்கப்பா” என்றாள் மகள், எங்கோ பார்த்துக்கொண்டு.

இதுதான் என் நிலவரம். என்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பாவோ மார்கழி பிறப்பதற்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். மன்னார்குடியிலிருந்து ஒரு ஜாதகம் வந்து அவர் சட்டைப் பையில் உட்கார்ந்திருந்தது. நல்ல நரம்பு என்றால் சீமைச் சரக்குத்தான் என்று நினைத்து அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை இடைக்கால ஏற்பாடாக உள்ளூர்க் கொள்முதலில் இறங்கினேன்.

அதிராம்பட்டினத்தில் மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் நைலான் நரம்பு கிடைத்தது. தங்கூஸ் என்பார்கள். அங்கே நான் செய்ததை அரசு ஊழியன் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, குறைந்த விலைக்கு இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

குறைந்த விலை நரம்பு தலைமுடியைவிட மெல்லிசு. ஈரக்கையில் நிற்காமல் வழுக்கியது. சுருளில் பழகிய வளையத்தை விடாமல், இழுத்தாலும் திரும்பச் சுருண்டது. வக்கீல் முதல் முறை வீசியபோது கயிறு கம்பீரமாகக் கிளம்பியது. பின்னால் போன நரம்பு முதல் வளையத்திலேயே ஒரு பந்தாகி நின்றது. பிடித்து நிறுத்தப்பட்ட கயிறு திரும்பி வந்து அவர் தோளில் மாலையாக விழுந்தது.

மகள் அந்தப் பந்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். “இடியாப்பம் பிரமாதம். குருமாவுக்கும் விலைப்புள்ளி வாங்கிட்டீங்களா?”

இரண்டாம் முறை அவள் யோசனைப்படி நடந்தேன். எல்லாக் கடையிலும் எல்லாத் தடிமனிலும் ஒரு முழம் வெட்டி வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்த ஞாயிறு வக்கீல் வீட்டுக் கூடத்தில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டையும் பென்சிலில் சுற்றிப் பிரித்தோம். எது சுருளாகவே நிற்கிறது, எது இழுத்தால் நிமிர்கிறது என்று பார்த்தோம். கையை நனைத்துக்கொண்டு விரலில் ஓட்டினோம். மெல்லிசு வேகமாக ஓடும், ஆனால் சிக்கும், பிடி கொடுக்காது. தடிப்பு பிடி கொடுக்கும், வளையத்தில் உரசி வேகம் குறையும். நடுவில் ஒன்று இருந்தது: லேசாகத் தட்டையானது, பளபளப்பில்லாதது, ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நீண்டு, அப்படியே நேராக நின்றது. அலுவலக மொழியில் இதற்குக் கூட்டு ஆய்வு என்று பெயர். நரம்பு தேறியதென்று தெரிந்த பிறகும் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டே இருந்தோம். பக்கத்தில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வக்கீல் கடைசிவரை பக்கம் திருப்பவில்லை.

கார்த்திகையின் கடைசி நல்ல நாளில் சித்தப்பா பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். “நரம்பாவது எலும்பாவது. நான் போயி பேசுறேன் வாடா” என்றார். தேறிய ரகத்தில் ஒரு முழுச் சுருள் வாங்கிக் கொடுத்திருந்தேன். புது நரம்பைப் பயன்படுத்துமுன் இழுத்துக் கட்டி வைத்துச் சுருள் எடுக்க வேண்டும். அன்று காலை அதை வக்கீல் வாசல் வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் இடையே கழுத்துயரத்தில் விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். நல்ல நரம்புக்கு அழகு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழத்துடன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முதல் ஆளாகச் சித்தப்பா நடந்தார். அவர் போனது தெரியும். அடுத்த கணம் பின்னால் வந்த என் மேல் உட்கார்ந்திருந்தார். வாழைப்பழம் மூலைக்கொன்றாகப் போயிற்று.

“என்னடா இது, பொண்ணு வீட்டு வாசல்ல சுருக்கு வச்சுப் பிடிக்கிறாங்க!”

“மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்று வக்கீல் ஓடிவந்தார். சித்தப்பாவை விட்டுவிட்டு நரம்பைத் தடவிப் பார்த்தார். “அறுந்துடலியே? இவ்வளவு கனம் தாங்கிடுச்சு!”

சித்தப்பா தொண்ணூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். முகம் சிவந்துவிட்டது. மன்னார்குடி ஜாதகம் அவர் பையிலிருந்து எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கூடத்தில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. அவர் தொடவில்லை. வழக்கமான கேள்வியை மட்டும் முறைப்பாகக் கேட்டார்: “பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?”

“பாட வராதுங்க. வீசத் தெரியும்” என்றாள் அவள்.

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கே அது புதுச் செய்தி. அவளோ எழுந்து போய் வாசல் நரம்பை அவிழ்த்து, ரீலில் சுற்றி, கயிற்றோடு முடிச்சுப் போட்டு, அரக்குப் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். பின்னால் வக்கீல், அவர் பின்னால் நான், எல்லோருக்கும் பின்னால், முன்னால் என்ன கட்டியிருக்கிறதோ என்று கையால் காற்றைத் துழாவிக்கொண்டே சித்தப்பா.

வரப்பில் வேலைக்குப் போன ஆட்கள் நின்றார்கள். அவள் கடைசிப் படியில் நின்று கழியை ஆட்டினாள். கயிறு பின்னால் நீண்டது, முன்னால் நீண்டது, இன்னும் ஒரு தரம் பின்னால். பிறகு இடது கை விரலை விட்டாள். ரீலிலிருந்து உருவிக் காலடியில் வளையம் வளையமாகப் போட்டிருந்த நரம்பு ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஓட ஆரம்பித்தது. சர்ரென்று ஒரு சத்தம். அது போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பாதி ஆறு தாண்டியது. நாணலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் இறகு முள் தண்ணீரில் உட்கார்ந்தது, ஈ உட்காருவது போலவே.

“தொட்டுடுச்சு!” என்று வரப்பிலிருந்து ஒருவர் கத்தினார். “வக்கீலய்யா, அளந்தாச்சா? எழுதிக் குடுங்க!”

மீன் ஒன்றும் கடிக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. வக்கீல் என் தோளில் கை வைத்து, “சரி மாப்ளே” என்றார். அதுவரை தம்பி.

சித்தப்பா கண்ணுக்கு மேல் கை வைத்து நாணல் பக்கம் பார்த்தார். “பாட்டுக்கு இது தேவலை. சத்தமில்ல” என்று சொல்லிவிட்டு, “பஜ்ஜி ஆறிடுச்சா?” என்று கேட்டார்.

தை மாதம் கல்யாணம். மாமனாரின் உபரி நிலம் சித்திரையில் கைமாறியது. அந்த உத்தரவைக்கூட எங்கள் அலுவலகம் போட்டு முடித்துவிட்டது. என் மனு மட்டும் எங்கோ உறங்கிக்கொண்டிருந்தது. தலையாடிக்கு மாமனார் வீட்டில் இருந்தபோது, என் அலுவலகத்திலிருந்து முகவரி மாற்றி அனுப்பப்பட்ட உறை ஒன்றைத் தபால்காரர் கொடுத்தார். ஆற்றில் காப்பரிசி படைத்துவிட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு வந்த மனைவி அதை வாங்கி உரக்கப் படித்தாள். கேட்ட சரக்குக்கான ‘தேவையின் காரணம் திருப்திகரமாக இல்லை, உண்மையான காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு மீண்டும் மனுச் செய்யவும்’ என்று இருந்தது.

படித்துறையில் சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை முந்தானையைத் தேடவில்லை. நான் அவளிடமிருந்து கடிதத்தை வாங்கி, வழக்கப்படி மூலையில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: ஆடிப் பதினெட்டு.