விருமாண்டி அரம் வைத்த ரேம்

"இருக்கிற மாமன்ல நாலு பேரு மூஞ்சியத் தூக்குய்யா, என் கம்ப்யூட்டரு தானா ஓடும்!" என்று கத்தினார் விருமாண்டி.

எதிரே நின்றவர் திருவாதவூர் முத்திருளன். மறுநாள் அவர் பேத்திக்குக் காதுகுத்து.

"தூக்கிப் போட அது என்ன சோத்துல கெடக்குற கல்லாண்ணே? இன்னும் ஏறாம நிக்கிறது புள்ளையோட தாய்மாமன். பேனர்ல மூஞ்சி இல்லேன்னா மடி தரமாட்டேன்னுட்டான். மாமன் மடி இல்லாம காத எங்க வச்சுக் குத்துறது?"

விருமாண்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் பிளக்ஸ் பேனர் கடை. இடமில்லை என்று எந்த மூஞ்சியையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவர் பெருமை. இரண்டு தலைக்கு நடுவே ஒரு காது அகலம் கிடைத்தால் போதும், அங்கே ஒரு சித்தப்பாவைச் செருகிவிடுவார். விசேஷக் குழந்தை மட்டும் மூலையில் தபால்தலை அளவில் சிரிக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. அதன் நாலு ஜிபி ரேமில் நாற்பது மூஞ்சி ஏறியதும் அசையாமல் நின்றுவிட்டது.

"சிம்மக்கல் போயிப் பெரிய ரேமா வாங்கிட்டு வாரேன்."

கடையில் கூடவே வேலை பார்க்கும் அவர் மனைவி மீனா சொன்னாள்: "பழசக் கழட்டிக் கையில கொண்டு போங்க. ஜாக்கெட் துணியவே சேலையக் கொண்டுபோயித்தான் எடுக்குறோம்."

"அரிசி வாங்கப் பழைய சோத்தையா தூக்கிட்டுப் போவாக?"

சிம்மக்கல் கடைக்காரர், "எந்த வகை ரேமு, டிடிஆர் மூணா, நாலா?" என்று கேட்டார். மூன்றைவிட நாலு பெரிது என்பது விருமாண்டிக்குத் தெரியும். நாலு வாங்கினார், பதினாறு ஜிபி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

வந்து பெட்டியைத் திறந்தார். ரேமின் அடியில் சின்ன வெட்டு ஒன்று உண்டு. போர்டில் இருக்கும் மேட்டில் அது உட்கார வேண்டும். இதில் வெட்டு கொஞ்சம் தள்ளி இருந்தது. சேராத ரேமை எவனும் செருகிவிடக் கூடாது என்பதற்குத்தான் அப்படித் தள்ளி வைத்திருக்கிறார்கள். கால்களும் கூடுதல், கேட்கிற மின்சாரமும் வேறு. இடமில்லை என்ற சொல்லுக்கே பழகாத மனுஷன் அரத்தை எடுத்தார். மேட்டுக்கு நேரே, தங்கப்பூச்சுக் கால்களையும் சேர்த்து ராவி, புது வெட்டுப் போட்டார்.

"இப்ப உக்காருதா இல்லையா, பாரு!"

உட்கார்ந்தது. திரை வரவில்லை. பெட்டி விட்டுவிட்டுக் கூவியது.

"என்னண்ணே, ஒப்பாரி வைக்குது? எம்பேத்திக்குக் காதுகுத்துண்ணே!" என்றார் முத்திருளன்.

மீனா எழுந்தாள். கழற்றிப்போட்ட பழைய ரேமையும் அரம் பட்ட புதுசையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அரம் பட்டதைக் கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். பழசைக் காட்டி, அதே டிடிஆர் மூணில், யாரோ கழற்றி விற்ற நாலு ஜிபி ஒன்றை வாங்கி வந்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்தன. கம்ப்யூட்டர் எழுந்தது.

"இது வேகமானதாம். ஆனா பழசோட சேந்தா, அது நடைக்குத்தான் இதுவும் நடக்குமாம்," என்றாள்.

"அதுக்கு ஏன் என்னயப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நம்ம கல்யாணம் ஞாபகம் வந்துச்சு."

தாய்மாமன் பேனரில் ஏறினார், மீசை முழுதாக. மறுநாள் மடி கிடைத்தது. பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள்.

இன்றைக்கும் விருமாண்டி கடைக்கு வருகிறவர்களிடம், தான் பதினாறு ஜிபி வாங்கிய கதையைத்தான் நீட்டி முழக்குவார். மீனா வாங்கியதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அது ஐந்நூறு ரூபாய்.