மணிக்குரலின் சிலேட்டு

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் பெயர் தெரியாதவர்கள்கூட உண்டு. மணிக்குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. அது பட்டப்பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத சின்ன அறையில் பத்தொன்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அம்மாள் அவர். விபத்தென்று கேள்விப்பட்டுப் பதறியடித்துக் கூப்பிடுகிறவர்களுக்கும் அவர் குரலைக் கேட்டதும் பாதி உயிர் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவின் முதல் வரிசை அவருடையது. ஞாயிறு பள்ளியில் புயலில் சிக்கிய படகின் கதையை அவர் சொன்னால், பிள்ளைகள் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டவருக்குக் கொடுக்கத் தன்னிடம் இருப்பது இந்தத் தொண்டை ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

நாற்பத்தாறு வயதில் அந்தத் தொண்டையிலேயே புற்றுநோய் வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போயே போய்விட்டது.

அவருடைய வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, மகளின் பழைய சிலேட்டைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "இருபத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் உன்கிட்ட பேசி ஜெயிக்கப் போறேன்" என்றார். மணிக்குரல் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். ஃபைல்களிடம் பேச வேண்டிய அவசியமில்லை அல்லவா? ஆலயத்தில் அவராகவே கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டார். எல்லோரும் பாடும்போது உதட்டை அசைப்பதற்கும் மனசு வரவில்லை. உமக்கென்று வைத்திருந்ததையேதான் எடுக்க வேண்டுமா என்று கடவுளோடு மனசுக்குள் மல்லுக்கு நின்றார். கனி கொடுக்கும் வாழ்க்கையைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்த அன்று பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டார். அவ்வளவும் தன்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது.

ஒரு வருஷம் கழித்து, அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ரெக்கார்டு அறைக்கே வந்தார். வார்டில் ஒருவருக்கு அதே வியாதி. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர், கத்திப் பிழைத்தவர். குரல் போவதற்குப் பதில் உயிரே போகட்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "நீங்க வந்து ஒரு தடவை உக்காந்தா போதும்மா" என்றார் டாக்டர்.

மணிக்குரலுக்குப் போக விருப்பமில்லை. அந்தத் துளையை யாரோ ஒருவருக்குக் காட்சிப் பொருளாக்குவதா? ஆனாலும் மதிய இடைவேளையில் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஏலக்காரர் அவருடைய கழுத்தைப் பார்த்தார். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊமையைக் கொண்டுவந்து காட்டி என்னை மிரட்டுறாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் கூனிக் குறுகிப்போனார். மணிக்குரலுக்குச் சுருக்கென்றது. சிலேட்டில் விறுவிறுவென்று ஒரு பதில் எழுதினார். எழுதியதைத் தானே படித்துப் பார்த்துவிட்டு அழித்தார். பிறகு, ‘எனக்கும் கோபம் வருது. நாளைக்கு வர்றேன்’ என்று எழுதி ஏலக்காரரின் மனைவியிடம் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

சொன்னபடி மறுநாள் போனார். அதற்கடுத்த நாளும். ஏலக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. இவரும் எதுவும் எழுதவில்லை. கூட இருக்கிற மனைவிக்குச் சாப்பிட்டுவர நேரம் கிடைக்கட்டும் என்று கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தலையணை சரிந்தால் நிமிர்த்தி வைத்தார். முன்பு ஆயிரம் பேரிடம் பேசியும் வராத ஒரு பொறுமை இந்த நாற்காலியில் எப்படி வந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஏலக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். "சாப்பாடு இறங்குமா?"

‘நல்லாவே இறங்கும். குண்டாயிட்டேன்.’

"தூங்குறப்போ மூச்சு நின்னுடாதா?"

‘நானும் பயந்தேன். நிக்கல.’

ஏலக்காரர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "நீங்க கோயில்ல பாடுறவங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. உங்க சாமி ஏம்மா உங்க குரலை எடுத்தாரு?"

மணிக்குரல் பல்பத்தை எடுத்தார். பழைய மணிக்குரலாக இருந்தால் அழகாக ஒரு பதில் சொல்லியிருப்பார். இப்போது எழுதியது ஒரே சொல்: ‘தெரியல.’ அதன் கீழே, ‘ஆனா அவர் என்னை விட்டுப் போகல’ என்று சேர்த்தார். எழுதி முடித்தபோதுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

ஏலக்காரர் மறுநாள் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் மனிதர் சந்தைக்குத் திரும்பிவிட்டார். இப்போது விலை கூவுவது அவர் மனைவி. பெட்டி மேல் நின்று விரலாலும் புருவத்தாலும் ஏலத்தை நடத்துவது அவர். மனைவியின் குரல் அவருடையதைவிடப் பெரிது என்று சந்தையே சொல்கிறது.

அதன்பின் தொண்டை வார்டில் யார் வந்தாலும் டாக்டர் முதலில் ரெக்கார்டு அறைக்கு ஆள் அனுப்பினார். சிலர் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் பக்கத்திலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். யாரையும் ஆலயத்துக்கு வா என்று அவர் அழைத்ததில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சுருக்கமாக எழுதிக் காட்டினார். பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் கடைசிப் பெஞ்சில் உதடு அசைய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தன் சுருதி சேராத குரலில் இருவருக்குமாகப் பாடினார்.

இப்படி வார்டுக்குப் போக ஆரம்பித்த ஒன்பதாவது வருஷம் மணிக்குரல் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். வார்டில் புதிதாக ஒரு பள்ளி ஆசிரியை சேர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது, படுக்கை கொள்ளவில்லை. எழுந்து நடக்க முடிந்த முதல் நாளே போனார். கட்டிலருகே நாற்காலி காலியாக இல்லை. ஏலக்காரர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு நோட்டு. அவர் எழுதியதைப் படித்து அந்த ஆசிரியை அழுகையினூடே சிரித்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழையைத் திருத்தியும் கொடுத்தார்.

மணிக்குரல் உள்ளே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று, வார்த்தையில்லாமல் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு மெதுவாகப் படி இறங்கி ரெக்கார்டு அறைக்குப் போனார். பத்து நாள் ஃபைல் அங்கே குவிந்து கிடந்தது.